காலி வண்டி

தட், தட், தட் என்று மூன்று அடி, பிறகு ஒருவர் மூச்சை இழுத்து விடுகிற நேரம் ஒன்றுமில்லை, மறுபடியும் தட், தட், தட் என்று தகரத்தில் தகரம் மோதுகிற அந்தச் சத்தம் சிப்பிக்குடியில் முதன்முதலாகக் கேட்டது ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், இருட்டி அரைமணி நேரம்கூட ஆகாதபோது, உப்பளச் சாலை முனையில் இருக்கிற முதல் வீட்டில் இட்லிக் கொப்பரையை இறக்கிக்கொண்டிருந்த செண்பகத்தின் முதுகுக்குப் பின்னால். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள், காக்கை இறக்கையை மடிப்பதுபோலத் தன் பக்கக் கண்ணாடிகளை மடித்துக்கொண்டு, வாசல் நிலையில் இடிக்காமல் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, ஒரு வெள்ளை ஆம்புலன்ஸ் வீட்டுக்குள் நுழைந்து, ஹாலைக் கடந்து, அடுப்படியில் அவள் சேலையைக்கூட உரசாமல் ஒதுங்கி, பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டது. பின்பக்கக் கதவுதான் தாழ் போடாமல் ஆடி ஆடி அடித்துக்கொண்டிருந்தது. ஓட்டுகிற இடத்தில் ஆளில்லை. உள்ளே நீல மெத்தை போட்ட படுக்கை ஒன்று, அதன் தலைமாட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று, அங்கேயும் ஆளில்லை.

"காலி வண்டி" என்று சொல்லிவிட்டு செண்பகம் இட்லித் துணியை உரித்தாள்.

சிப்பிக்குடியின் வீடுகள் எல்லாம் கடற்காற்று நேராக வந்து நேராகப் போகட்டும் என்று கட்டினவை. முன்வாசலும் பின்வாசலும் ஒரே கோட்டில் இருக்கும், ஒரு வரிசையின் பின்வாசலுக்கு எதிரே அடுத்த வரிசையின் வாசல் இருக்கும், அப்படியாக உப்பளச் சாலையில் தொடங்கி இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பெரியாஸ்பத்திரி வரைக்கும் நாற்பத்திரண்டு வீடுகள், ஊசியில் நூல் கோத்தாற்போல. ஊருக்கு இருந்த ஒரே ரோடு கடைத்தெரு வழியாக ரயில்வே கேட்டைத் தாண்டி அதே ஆஸ்பத்திரிக்குப் போனது. ஆனால் அந்த ரோட்டில் பஸ்ஸுக்கு மினி பஸ் வழிவிடாது, மினி பஸ்ஸுக்கு ஆட்டோ வழிவிடாது, ஆட்டோவுக்கு மீன் கூடைக்காரி வழிவிடமாட்டாள், சைரன் கேட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஹாரனை அமுக்குவார்களே தவிர ஒருவரும் ஒரு சாண் நகரமாட்டார்கள். ரோட்டில் வழி கிடைக்காத வண்டி வீட்டுக்குள் வழி கேட்டு வந்துவிட்டது என்பதை ஊர் ஒரு வாரத்துக்குள் புரிந்துகொண்டது, ஒரு மாதத்துக்குள் பழகியும் கொண்டது.

பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தபோது வண்டியின் முன்கண்ணாடித் துடைப்பான் இரண்டு தடவை இப்படியும் அப்படியும் ஆடித் துடைத்துவிட்டு ஓய்ந்தது. போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து பார்த்து, வீட்டு ஹால் தன் எல்லைக்குள் வராது என்று சொல்லி மோர் குடித்துவிட்டுப் போனார். கதவை அடைத்துப் பார்த்தவர்களும் உண்டு. அப்படி அடைத்தால் வண்டி அந்தக் கதவுக்கு முன்னால் அப்படியே நின்று, திறக்கிற வரைக்கும் தட், தட், தட் என்று அடித்துக்கொண்டே இருந்தது. ஆகவே மாலை ஏழேகாலுக்கு நாற்பத்திரண்டு வீடுகளிலும் இரண்டு வாசலும் திறந்திருந்தன. கட்டிலைச் சுவரோரம் தள்ளினார்கள், டிவியை இடம் மாற்றினார்கள், மொசைக் தரையில் விழுந்த டயர் தடத்தின் ஓரமாகச் சாப்பிட உட்காரப் பழகினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று வண்டி போனதும் மறுபடி உட்கார்ந்து ஜாதகத்தைத் தொடர்ந்தார்கள். வண்டி போகாத வீடு வேண்டும் என்று தேடினவர்கள் கொஞ்ச நாளில் தேடுவதை விட்டுவிட்டார்கள்.

பிறகு பைக்குகள் வந்தன.

சிப்பிக்குடிக்காரர்களுக்கு ஒரு வித்தை தெரியும்: ஆம்புலன்ஸுக்கு வழிவிடத் தெரியாது, ஆனால் அது முண்டியடித்துப் பிளந்து போகிற பிளவுக்குள் அதன் வாலைப் பிடித்தமாதிரிப் போகத் தெரியும். முதலில் ஒருவர், மறுநாள் நான்கு பேர், மாதக் கடைசியில் முப்பது பேர், கடைத்தெரு நெரிசலில் மாட்டாமல் வீடு போய்ச் சேரலாம் என்று அந்தக் காலி வண்டியின் பின்னாலேயே வீடு வீடாக நுழைந்து போனார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் தங்கதுரை, கேஸ் ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறவன், ஹெல்மெட்டைத் தலையில் வைக்காமல் டேங்கின்மேல் வைத்து ஓட்டுகிறவன். போகிற போக்கில் அடுப்படியை எட்டிப் பார்ப்பான்.

"அக்கா, புளிக்கொழம்பு வாசம் உப்பளச் சாலைலயே தூக்குதே!"

"ஏல, ஹாலுக்குள்ள ஹாரன் அடிக்காதன்னு எத்தன மட்டம் சொல்ல? நாளைக்கு வா, வழுக்குத மாதிரி எண்ணெய ஊத்தி வைக்கேன்" என்பாள் செண்பகம்.

"ஊத்துங்க, ஊத்துங்க. விழுந்தா தூக்கிட்டுப் போக முன்னாலயே வண்டி நிக்கில்லா!"

சிலர் ஹாலில் சிமெண்டால் வேகத்தடை போட்டார்கள். நாற்பத்தோராம் வீட்டுப் பொன்னுலிங்கம் சார் மட்டும், சப் ரிஜிஸ்திராராக இருந்து ஓய்வு பெற்றவர், தன் பெயரில் பத்திரம் இருக்கிற நிலத்தில் எவனுக்கும் பாதை உரிமை கிடையாது என்று தினமும் கதவைப் பூட்டிவைத்து, வண்டி வாசலில் அடித்துக்கொண்டு நிற்க, மூன்று தோசையைப் பிட்டுப் பிட்டுத் தின்று, கை கழுவி, மாத்திரை போட்டு, ஏப்பம் விட்ட பிறகே சாவியை எடுத்தார். காலி வண்டிதானே, நிற்கட்டும் என்றார். அவர் சொன்னதில் ஊருக்குத் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

ஊசியில் கோத்த அந்த நூலில் ஒன்பதாவது வீடு பெனிட்டாவுடையது.

மற்ற எல்லா வீட்டையும் நிற்காமல் கடந்துபோகிற வண்டி அந்த ஒன்பதாம் வீட்டில் மட்டும் நின்றது. அரை நிமிஷந்தான் நிற்கும். பின்னால் வருகிற பைக்குகள் உர்ரென்று உறுமிக்கொண்டிருக்கும். ஆனால் அந்த அரை நிமிஷமும் அதன் பின்கதவு விரியத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, ஒவ்வொரு தடவையும் தொட்டில் இருக்கிற பக்கமாகவே ஆடியது. தொட்டில் பெனிட்டாவின் மகள் மிர்னாவுடையது; அவள் நடக்கப் பழகி, ஓடவும் பழகிவிட்ட ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளை. ஏழு மணி அடித்ததும் பெனிட்டா பிள்ளையைத் தூக்கி மாரோடு இறுக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவாள். உள்ளே இருட்டில், ஒரு கையால் பிள்ளையின் காதைப் பொத்தி, மறுகையால் ஜெபமாலையை உருட்டி, அருள் நிறைந்த மரியே, அருள் நிறைந்த மரியே என்று மூன்றாவது மணியைத் தாண்ட முடியாமல் அங்கேயே நிற்பாள்.

"எல்லா வீட்டுக்குந்தான போகுது. ஒனக்கு மட்டும் என்ன பயம்?" என்பான் அவள் கணவன் தோபியாஸ், மீன் பெட்டி ஏற்றுகிற குட்டி லோடு வேன் ஓட்டுகிறவன்.

"நம்ம வீட்ல மட்டும் ஏன் நிக்குது?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வேனைத் துடைக்கப் போய்விடுவான். எல்லா இடத்தையும் துடைப்பான், முன்பம்பரை மட்டும் துடைக்கமாட்டான். அங்கே ஒரு சாண் அகலத்துக்கு ஒரு நெளிவு இருந்தது, நெளிவில் வெள்ளைப் பெயிண்ட் அப்பியிருந்தது, அதன்மேல் கிறிஸ்து பாலனைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்தோபரின் ஸ்டிக்கர் ஒன்றை அவன் கோணலாக ஒட்டியிருந்தான்.

அந்த நெளிவு விழுந்தது தை மாதத்தில். மிர்னாவுக்கு முதல் பிறந்தநாள், கேட்டுக்கு அந்தப் பக்கம் கோவில் ஹாலில் விருந்து, ஐந்தரைக்கு வரச் சொன்ன ஆட்கள் எல்லாம் வந்து உட்கார்ந்தாகிவிட்டது, மடியில் கவுன் போட்ட மிர்னா, முழங்காலில் கேக் பெட்டி, வேனுக்குள் அடுப்புமாதிரி வெக்கை. கடைத்தெருவில் நகராமல் கிடந்தபோது பின்னாலிருந்து சைரன் கேட்டது. தோபியாஸ் நல்ல பிள்ளையாக இடது பக்கம் ஒதுங்கி வழிவிட்டான். விட்டுவிட்டு, ஆம்புலன்ஸ் தாண்டின அந்த நொடியே, ஊர்க்காரர்கள் எல்லாரும் செய்கிறமாதிரி, அதன் வாலைப் பிடித்துக்கொண்டான். அவன் பின்னால் ஒரு மினி பஸ் பிடித்துக்கொண்டது. கேட்டுக்குப் பக்கத்தில் முன்னால் இருந்தவர்கள் ஒருவரும் நகராததால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி நின்றுவிட்டன, ஆம்புலன்ஸின் பின்கதவுக்கும் வேனின் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இடமிருந்தது.

அப்போதுதான் அந்தக் கதவு திறந்து பம்பரில் இடித்தது. தட், தட், தட்.

"பின்னால எடுங்க! பின்னால எடுங்க!" என்று உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல். பனிபடிந்தமாதிரியான கண்ணாடி, உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

தோபியாஸ் திரும்பிப் பார்த்தான். "பின்னால பஸ்ஸுக்காரன் முட்டிட்டு நிக்கான். எறங்கி அவன்ட்ட சொல்லட்டா?"

பெனிட்டா கேக் பெட்டியின் ஓரத்தில் வழிந்த ரோஸ் நிறக் கிரீமை விரலால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "காலி வண்டியாத்தாங்க இருக்கும். டீ குடிக்கப் போகும்போதும் இவங்க சைரன் போடத்தான செய்தாங்க. நீங்க எறங்குனா முன்னால எவனாவது பூந்துருவான். கேக் உருகுது."

அவன் இறங்கவில்லை. பதினேழு நிமிஷம் கதவு இடித்தது, பிறகு இடிப்பதை நிறுத்திவிட்டது. மறுநாள் பேப்பரில் இருந்தது: உப்பளத்தில் வேலை பார்க்கிற பேச்சித்தாய் என்கிற பெண், தலைப்பிரசவம், கேட்டிலிருந்து ஆஸ்பத்திரி நானூறு எட்டுதான், ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டே ஓடிவிடலாம் என்று பார்த்தார்கள், பின்கதவைத் திறக்க முடியவில்லை, தாயும் பிள்ளையும் வண்டிக்குள்ளேயே. எந்த வண்டி பின்னால் நின்றது என்று பேப்பரில் இல்லை. அன்றிலிருந்து எண்ணி நாற்பத்தோராம் நாள்தான் வீடுகளுக்குள் அந்தச் சத்தம் நுழைந்தது.

பெனிட்டா படித்தது கன்னியர் மடத்துச் சிஸ்டர்களின் பள்ளியில், பன்னிரண்டு வருஷம், விடுதியில் தங்கி. அங்கே நோயில் கிடக்கிற வயதான கன்னியர்களுக்குச் சாமியார் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொண்டுபோகும்போது முன்னால் ஒரு பிள்ளை சின்ன மணி ஒன்றை ஆட்டிக்கொண்டு போகும். அந்த மணி வராந்தாவின் அந்தக் கோடியில் கேட்டதுமே, ஓடிக்கொண்டிருந்தாலும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் சரி, முந்நூறு பிள்ளைகளும் சுவரோரம் முதுகை ஒட்டி நின்றுவிட வேண்டும், நடுவழியில் ஒரு செருப்புகூடக் கிடக்கக்கூடாது. யாருக்குப் போகிறது, உண்மையிலேயே அந்தச் சிஸ்டருக்கு நோயா, தூக்கமா என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. மணி கேட்டால் சுவரோரம், அவ்வளவுதான். அப்படிப் பன்னிரண்டு வருஷம் சுவரோரம் நின்ற முதுகு அது, அதுதான் அன்றைக்குக் கேட்டில் வழிவிடாமல் உட்கார்ந்திருந்தது. அதனால்தான் அவளால் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் முழங்காலிட்டும் வாயைத் திறக்க முடியவில்லை. மாமியாரை மனதுக்குள் வைதேன் சாமி, வெள்ளிக்கிழமை கருவாடு தின்றேன் சாமி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். சொல்லாத பாவந்தான் தினமும் ஏழேகாலுக்கு வீடு தேடி வந்து, நின்று, கதவைத் திறந்து காட்டுகிறது என்று அவளுக்குத் தெரியும். பேச்சித்தாயின் பிள்ளைக்குப் பதில் பிள்ளை கேட்கிறது. அவளுடைய பிள்ளையைக் கேட்கிறது.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்து கடைத்தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற ஒரு வியாழக்கிழமை, மத்தியானத்திலிருந்தே மிர்னாவுக்கு மூச்சிழுப்பு. மருந்துக்கடையில் கொடுத்த சிரப் உள்ளே போனதும் வெளியே வந்துவிட்டது. ஆறு மணிக்குப் பிள்ளையின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்து குழிந்து எழுந்தது. ஆறரைக்கு அழுவதை நிறுத்திவிட்டாள், அழ மூச்சு வேண்டுமே, அது அவளிடம் இல்லை. பெனிட்டா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். பெரியாஸ்பத்திரியிலிருந்து உடனே கிளம்புகிறது என்றார்கள். கிளம்பியும்விட்டது, மழையை மீறி அதன் சைரன் தூரத்தில் கேட்டது, கிட்டே வந்தது, பிறகு கிட்டே வரவில்லை. ஒரே இடத்தில் நின்று அலறிக்கொண்டிருந்தது. கேட்டில்தான் மாட்டிக்கொண்டது என்று பெனிட்டாவுக்குத் தெரிந்தது.

தோபியாஸ் போனில் கத்தினான். "நான் கேட்டுகிட்டதான் நிக்கேன் பெனிட்டா! லோடு எறக்கிட்டு வர்ற வழியில மாட்டிக்கிட்டேன். ஆம்புலன்ஸ் எனக்கு எதுத்தாப்புல தெரியுது, நகரல!"

"வழிவிடச் சொல்லுங்க! காலப் புடிச்சுக் கேளுங்க!"

"எறங்கி ஒவ்வொருத்தன்ட்டயும் கேக்கேன். தண்ணிக்குள்ள நடந்து நடந்து கேக்கேன். கண்ணாடிய எறக்கிப் பாத்துட்டு, உள்ள ஆளில்ல, காலி வண்டிதானங்கான்." அவன் குரல் உடைந்தது. "காலியாத்தான் இருக்கும், எம்பிள்ளைய ஏத்தத்தான் காலியா வருதுன்னா, எவனும் கேக்கமாட்டேங்கான் பெனிட்டா."

போனைக் காதில் வைத்தபடியே அவள் நின்றாள். காலியாத்தான் இருக்கும், ஏற்றத்தான் காலியாக வருகிறது. வெளியே மழை பெய்தது, தோளில் பிள்ளை ஓட்டை விழுந்த துருத்திமாதிரி இழுத்தது, சுவர்க் கடிகாரம் ஏழேகாலைத் தொட்டது.

தட், தட், தட்.

குளியலறைக் கதவு திறந்திருந்தது. அவள் கால் இரண்டு தடவை அந்தப் பக்கம் போனது, இரண்டு தடவையும் அவளே அதைத் திருப்பினாள். வண்டி கண்ணாடிகளை மடித்துக்கொண்டு வாசலில் நுழைந்து, மழைத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஹாலின் நடுவே வந்து, தினமும் நிற்கிற இடத்தில் நின்றது. பின்கதவு விரியத் திறந்தது. உள்ளேயிருந்து டெட்டால் வாசமும் அதற்கடியில் உப்பு வாசமும் வந்தன. நீல மெத்தையில் படுத்து எழுந்த ஒரு பள்ளம் இருந்தது, அதன் பக்கத்தில் சின்னதாக இன்னொரு பள்ளம்.  இது என் பிள்ளையை வாங்கிக்கொண்டுதான் போகும் என்று ஒரு மனது சொன்னது. வாங்கிக்கொண்டுபோகத்தானே எட்டு மாதமாக வருகிறது என்று இன்னொரு மனதும் அதையே வேறு குரலில் சொன்னது. மிர்னாவின் உதடு நாவற்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. யேசுவே என்று சொல்லி அவள் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

ஏறி உட்கார்ந்து, சிலிண்டரின் திருகைத் திருப்ப, உஸ்ஸென்று காற்று வந்தது. கையளவு மாஸ்க் ஒன்று தொங்கியது, பிறந்த குழந்தைக்கென்று எடுத்துவைத்தது, யாருக்கும் போடாதது. அதைப் பிள்ளையின் முகத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கதவை இழுத்தாள். கதவு வந்து பாதியில் நின்றது.

தட்.

தங்கதுரையின் பைக் முன்சக்கரம் இடுக்கில் இருந்தது. அவன் பின்னால் பைக்குகள், ஒன்றன் வாலில் ஒன்று, அவள் வாசலைத் தாண்டி எட்டாம் வீட்டுக்குள், ஏழாம் வீட்டுக்குள், மழைக்கோட்டுகள், முகப்பு விளக்குகள், ஹாரன்.

"பெனிட்டாக்கா, வண்டிக்குள்ள என்ன செய்தீங்க?" தங்கதுரை சிரித்தான். "டிக்கெட் எடுத்தாச்சா?"

"சக்கரத்த எடு தங்கதுரை. கதவு சாத்தணும்."

"எங்கிட்டு எடுக்க? பின்னால முப்பது பேரு முட்டிட்டு நிக்கான். காலி வண்டிதான, அதும்பாட்டுக்குப் போகட்டும். நீங்க எறங்குங்க, சட்டுனு ஆகட்டும், மழ நனைக்கி."

அவன் முகத்தில் கெட்டதனம் ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போக வேண்டும், சட்டை நனைகிறது, அவ்வளவுதான். அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். கிரீம் வழிந்த விரலோடு வேன் கண்ணாடியில் அவள் பார்த்த முகம் அது.

"அன்னைக்கு நானும் இதத்தான் சொன்னேன்" என்றாள் பெனிட்டா.

"என்னைக்கு?"

"பேச்சித்தாய் செத்த அன்னைக்கு." குரல் தானாகவே ஏறியது, பிரசங்க மேடையிலிருந்து வருகிறமாதிரி, எட்டாம் வீட்டுக்கும் ஏழாம் வீட்டுக்கும் கேட்கிறமாதிரி. "பின்னால நின்னது எங்க வேன். கதவ இடிச்சது எங்க பம்பர். அவரு எறங்குதேன்னாரு, நாந்தான் வேண்டாம்னேன். காலி வண்டின்னு நாந்தான் சொன்னேன். பதினேழு நிமிஷம் அவ உள்ள கெடந்தா, நான் கேக்கப் பாத்துட்டு இருந்தேன். இந்த வண்டி காலியா வர்றதுக்கு நாந்தான் காரணம். இன்னைக்கு இதுக்குள்ள எம்பிள்ள இருக்கா. பாரு. இங்க பாரு தங்கதுரை, எம்பிள்ள ஒதட்டப் பாரு!"

தங்கதுரை குனிந்து பார்த்தான். சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. டேங்கின்மேல் இருந்த ஹெல்மெட் உருண்டு விழுந்து ஹாலில் ஓடியது, அவன் அதை எடுக்கவில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றிப் பைக்கைப் பின்னால் தள்ளினான்; பின்னால் இருந்தவன்மேல் போய் முட்டியது.

"எல, பின்னால எடு!"

"எங்கிட்டுவே எடுக்க?"

"பின்னால எடுங்கலே! உள்ள பச்சப் பிள்ள கெடக்கு! ஒருத்தனும் முன்னால உருட்டாத, எல்லாரும் பின்னால!"

சிப்பிக்குடிக்காரர்களுக்குப் பின்னால் எடுத்துப் பழக்கமில்லை. ஒருவன் வலப்பக்கம் ஒடிக்க, இன்னொருவன் இடப்பக்கம் ஒடிக்க, எட்டாம் வீட்டில் ஒரு பைக் சாய்ந்து மாவுச் சட்டியை உடைத்தது, அரை நிமிஷம் எதுவும் நகரவில்லை, மிர்னாவின் கை மட்டும் ஒரு தடவை தூக்கிப் போட்டது. வண்டி இவ்வளவு நேரம் நின்றதேயில்லை. பெனிட்டா மாஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு வருஷம் வராந்தாவில் சிஸ்டர்கள் அதட்டிக் கேட்ட அதே குரலில், அவளை அறியாமலேயே, கத்தினாள்:

"சுவரோரம்! எல்லாரும் சுவரோரம்!"

அந்தச் சொல் வேலை செய்தது. பின்னால் எடுக்கத் தெரியாதவர்களுக்குச் சுவரோரம் போகத் தெரிந்தது. பைக்குகளை அப்படியே சாய்த்துச் சுவரில் ஒட்டினார்கள், இறங்கித் தாங்களும் முதுகை ஒட்டினார்கள், எட்டாம் வீட்டில், ஏழாம் வீட்டில், ஆறாம் வீட்டில் சுவரோரம், சுவரோரம் என்று அந்தச் சொல் பின்பக்கமாக ஓடிற்று. முதல் வீட்டிலிருந்து மழையில் நனைந்துகொண்டே செண்பகம் வந்துவிட்டாள், கையில் இட்லித் தட்டும் கரண்டியும்; ஹாலைத் தாண்டி, பெனிட்டாவைக் கண்ணுக்குக் கண் பார்த்து, பின்வாசலில் நின்று தட்டைக் கரண்டியால் அடித்தாள். தட்டுச் சத்தம் கேட்டுப் பத்தாம் வீட்டில் ஒரு தட்டு ஒலித்தது, அங்கிருந்து பதினோராம் வீட்டில், அப்படியே மழைக்குள் அந்தச் சத்தம் ஆஸ்பத்திரியைப் பார்த்துப் போனது.

"உள்ள ஆள் இருக்கு! உள்ள ஆள் இருக்கு!"

"பொன்னுலிங்கம் சார் கதவு?" என்று தங்கதுரை கேட்டான். அதற்குப் பதில் வருகிற வரைக்கும் அந்த ஹாலில் ஒருவரும் மூச்சு விடவில்லை, மிர்னாவும்கூட. இருபதாம் வீட்டுக்குரல், பதினைந்தாம் வீட்டுக்குரல், பத்தாம் வீட்டுக்குரல் என்று கைமாறிக் கைமாறி அது வந்து சேர்ந்தது:

"எச்சிக் கையோட வந்து தெறந்துட்டாராம்! கதவப் புடிச்சிட்டு நிக்காராம், சீக்கிரம் வரச் சொல்லுதாரு!"

நாற்பத்தோராம் வீட்டுக்கு அப்பால் ஆஸ்பத்திரி வாசல் விளக்குவரைக்கும், வாசல் வாசலாக, ஒரே கோட்டில், குறுக்கே ஒரு செருப்புகூட இல்லாமல், வழி திறந்து கிடந்தது. இஞ்சின் உறுமிற்று. மாஸ்க்குக்குள் ஒரு சின்னப் பனித்திட்டு படிந்தது, மறைந்தது, மறுபடி படிந்தது. மிர்னா இழுத்த அந்த மூச்சு உள்ளே போய், எங்கேயோ ஆழத்தில் பட்டு, அழுகையாக வெளியே வந்தது. பெனிட்டாவுக்கு அதைவிட நல்ல சத்தம் வேறு வேண்டியிருக்கவில்லை. மடியில் பிள்ளையைச் சரித்துக்கொண்டாள், பக்கத்திலிருந்த பள்ளத்தில் படாமல் ஒதுங்கி உட்கார்ந்தாள், "வா தாயே, போவோம்" என்று அந்தப் பள்ளத்தைப் பார்த்துச் சொன்னாள், எட்டு மாதமாய் நாற்பத்திரண்டு வீடுகளில் அடித்துக்கொண்டிருந்த அந்தக் கதவை இழுத்துச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.